பாடுமீனுக்குச் சத்தம் பிறகு வருமாம்

தேற்றாத்தீவு,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பூபாலபிள்ளை அத்தானுக்கு, மைத்துனன் அழகரத்தினம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சுகம் பிறகு விசாரிக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில், கூட்டுறவுக் கடை முகாமையாளர் என்ற பதவியையும் முன்வழுக்கையையும் வைத்துக்கொண்டு, "தேற்றாத்தீவு இளவரசன்" என்ற கள்ளப் பெயரில் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுக்குள் இறங்கி, தோணியிலிருந்து கால் தவறி மட்டக்களப்பு வாவிக்குள் விழுந்து, "ஐயோ, என்னைப் பிடிங்க!" என்று வளவே அதிரக் கத்திவிட்டேன். அஜந்தா குசினியிலிருந்து மாக் கையோடு ஓடிவந்து, புருசனுக்கு நெஞ்சுவலி என்று நினைத்து என் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். அடுத்த வளவு றோஸ்மேரி டீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அவ எட்டிப் பார்த்தால் ஒலிபெருக்கி கட்டி அறிவித்ததற்குச் சமம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மறுநாள் சங்கக் கடையில் சீனி வாங்க வந்தவர்களில் பாதிப்பேர், "இப்ப எப்பிடி, கரைக்கு வந்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டினார்கள்.

மற்றப்படி இங்கு நாங்கள் சுகம். என் கழுத்துப் பிடிப்பு மட்டும் வந்த இடத்திலேயே குடியிருக்கிறது. அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதிலிருந்து வானம் என்ன நிறத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மழை பெய்தால்தான் மேலே ஏதோ இருக்கிறது என்று விளங்குகிறது. அக்காவின் முழங்காலைப் பற்றிக் களுதாவளைப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் தபாலில் எழுதுவதற்குக் காரணம், வாட்ஸப்பில் அனுப்பினால் மகள் விதுர்ஷா வாசித்துவிடுவாள். அவளுடைய கலியாணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அத்தான்: நீங்கள் பேசிவந்த அமிர்தகழி மாப்பிள்ளை நமக்குச் சரிவராது. நாள் வைக்க முதல் நீங்களே பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கோபப்படாமல் கேளுங்கள். போன மாதம் அவர்கள் வீடு பார்க்க வந்தது உங்களுக்குத் தெரியும். அக்காவின் முழங்காலால்தான் நீங்கள் திருகோணமலையிலிருந்து வர முடியாமல் போனது. நம் பகுதியில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தானே கட்டிக்கொடுக்கிறோம், மாப்பிள்ளை இரண்டு சாறனோடு நடந்து வந்து ஏறினால் போதும். அந்தக் கடமையில் உங்கள் மைத்துனன் ஒரு குறையும் வைக்கவில்லை. வளவின் முன்பக்கம் மகளுக்கென்று தனி வீடு, "எல்லாம் முடிஞ்சிட்டு, சில்லறை வேலைதான் கொஞ்சம் கிடக்கு" என்று அவர்களிடமும் சொன்னேன். அன்றைக்குப் போடுவதற்கென்று என்னுடைய இளநீலச் சேட்டைத் தேடு தேடென்று தேடினேன். "அது கிழிஞ்ச சேட்டு, எங்க கிடக்கோ, எனக்கென்ன தெரியும்" என்று அஜந்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு வெள்ளைச் சேட்டோடுதான் நின்றேன். மாப்பிள்ளை யதுர்ஷன் வந்தார், கும்பிட்டார், தேத்தண்ணியை வாங்கி ஆறவிட்டுவிட்டுப் போனை எடுத்து வீட்டை நாலு பக்கமும் படம் பிடித்தார். குனிந்து பிடித்தார், அண்ணாந்து பிடித்தார், தென்னையில் சாய்ந்து நின்று பிடித்தார். பொடியனுக்கு வீடு பிடித்துவிட்டது என்று அஜந்தா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நானும் மீசையை நீவிக்கொண்டு கேட்டேன்:

"தம்பி என்ன தொழில் செய்யிற?"

"கேம் செய்யிறன் மாமா."

"செய்து?"

"விக்கிறன் மாமா. இன்ரநெற்றில கடை இருக்கு, அதில."

கடை என்றதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம்ம சாதிச் சனம் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் நம்ம தொழிற்சனம் என்று பார்க்கிறவன். ஆனால் இரண்டு தலைமுறையாகத் தராசு பிடித்த இரத்தம் சும்மா இருக்குமா? பொடியன் என்ன சாமான் விற்கிறான், தரம் எப்படி, நிறை சரியா என்று ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. விதுர்ஷாவின் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கொம்பியூட்டர் திருத்துகிற காத்தான்குடி ஜிப்ரியிடம் போனேன். அவர்தான் அந்தக் கடையைத் திறந்து, எனக்கொரு கணக்கும் திறந்து, பெயர் என்ன போட என்று கேட்டார். இளவரசன் என்றேன். ஜிப்ரி என் வயிற்றைப் பார்த்தார், ஊர்ப்பெயரையும் முன்னால் சேர்த்துத் தட்டினார். மாப்பிள்ளையின் சாமான் வந்தது: "பாடுமீனைத் தேடி." நிலவு நாளில் பாடும் என்கிற நம் வாவி மீன்தான்; படத்தில் வாவியும் தோணியும் நல்ல வடிவு.

"அண்ணன், வாங்க முதல் ஒண்டு சொல்லணும்," என்றார் ஜிப்ரி. "இது ஏர்லி அக்ஸஸ்."

"அப்பிடியெண்டா?"

"சாமான் இன்னும் செஞ்சி முடியல்ல. ஆனா இப்பவே வாங்கலாம்."

"முடியாத சாமானை ஏன் வாங்கிற?"

"முடியிறத்துக்கிடையில விளையாடலாம்தானே."

"சரி, எப்ப முடியும்?"

ஜிப்ரி மேலே பார்த்தார். "அது அல்லாஹ் ஒருத்தனுக்குத்தான் தெரியும் அண்ணன்."

அத்தான், முடிகிற நாள் தெரியாத சாமானுக்கு விலை போட்டிருக்கிறார்கள்! இது இவர் ஒருவருடைய விளையாட்டா என்று கேட்டால் இல்லையாம், அந்தக் கடை முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் அரைவேக்காடுகள் அடுக்கிக் கிடக்கிறதாம், வெள்ளைக்காரன் முதல் சீனாக்காரன் வரை வாங்குகிறானாம். நாளைக்கு நான் சங்கக் கடை வாசலில் "சீனியை இப்ப வாங்குங்க, இனிப்புப் பிறகு வரும்" என்று எழுதிப் போட்டால் என்னை விடுவார்களா? அரைச்சாக்கு அரிசியைக் கட்டிவைத்து, "மீதி அறுவடைக்குப் பிறகு, உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று சொன்னால் இந்தச் சனம் எனக்கு மாலை போடுமா, செருப்பு மாலை போடுமா? என்றாலும் வாங்கினேன். மாமனாகப் போகிறவன் பார்க்காமல் விடலாமா?

வீட்டுக்கு வந்து, புதுவீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு திறந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வாவி நல்ல வாவி. பொழுது சாயும்போது கல்லடிப் பக்கம் தண்ணீர் மினுங்குமே, அதே மினுக்கம். நான்கூடக் கொஞ்சம் மயங்கிவிட்டேன். மயங்கினதுதான் பிழை. கரையில் ஒரு மனிசி மீன் விற்கிறாள், கிட்டப்போய்ப் பார்த்தால் முகம் இல்லை! கண் இல்லை, மூக்கு இல்லை, முட்டைக்குச் சேலை உடுத்தின மாதிரி நிற்கிறாள். மீன் என்ன விலை என்றேன், "வணக்கம்" என்றாள். நண்டு இருக்கா என்றேன், "வணக்கம்" என்றாள். சரி, வயற்பக்கம் போவோம் என்று வட்டைக்குள் இறங்கினால், மாடுகளெல்லாம் முழங்கால் வரை மண்ணுக்குள் புதைந்து நின்று புல்லை விட்டுப்போட்டுக் காற்றை மேய்கின்றன. றோட்டில் பஸ் வந்தது, கையைக் காட்டினேன், பஸ் நிற்காமல் எனக்குள்ளால் புகுந்து மறுபக்கத்தால் வெளியே போய், கல்லடிப் பாலத்தில் ஏறி, பாலம் பாதியோடு முடிந்திருந்தபடியால் மீதித் தூரத்துக்கு ஆகாயத்தில் ஓடிப்போனது. கொண்டக்டர் பின்கதவில் தொங்கிக்கொண்டு "ஏறுங்க, ஏறுங்க, உள்ள இடம் கிடக்கு" என்று கத்துறான்! எங்க ஏற, ஆகாயத்திலயா? கோயில் மணி தூணும் இல்லாமல் கயிறும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் அத்தான், ஒரு வீடு இருந்ததே, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது. வாவிக்கரையிலிருந்து உள்ளே வருகிற ஒழுங்கையில் அந்த வீடு. வீட்டுப் பக்கமாகப் படி போகிறது, நல்ல அகலமான படி, கைபிடிச் சுவரும் இருக்கிறது, ஏறிப் போனால் முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. மாடி இல்லை, கூரை இல்லை, நேரே வானம். நாலு மூலையிலும் கம்பிகள் காட்டுச்செடி மாதிரி முளைத்து நிற்கின்றன, ஒரு கம்பியில் தண்ணீர்ப் போத்தல் கவிழ்த்திருக்கிறது. யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, உரப்பை கட்டியிருக்கிறது. கண்ணூறு படாமல் இருக்க மேலே ஒரு வெருளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த வீட்டுக்குக் கண்ணூறு வேறயா! அதில் பெரிய அநியாயம் என்னவென்றால், மீன்காரிக்கு முகம் வைக்க நேரமில்லாத மாப்பிள்ளை, அந்த வைக்கோல் வெருளிக்கு முகம் வைத்திருக்கிறார். முறுக்கு மீசை, முன்வழுக்கை, சேட்டுப் பையில் சிவப்புப் பேனை! எந்த மடையன் இப்படி வீடு கட்டுவான் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்ற அஜந்தா எட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் அந்த வீட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று விளங்கியது.

அதுக்கு மறுகா தோணியில் ஏறிப் போய், கடைசியில் பாடுமீனைக் கண்டுபிடித்தேன். மீன் தலையை நீட்டி வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. கொம்பியூட்டரின் சத்தத்தைக் கூட்டினேன், காதைக் கொண்டுபோய் வைத்தேன், கடைசியில் மீனுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ கிடந்ததைக் கண்டு, வாசிக்கக் கிட்டப் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். "குரல் பின்னர் சேர்க்கப்படும்" என்று வாசித்து முடிக்கவும் தோணியால் விழவும் சரியாக இருந்தது. வாவிக்கு அடி போடவில்லை அத்தான்! தண்ணீரைத் தாண்டி, தரையைத் தாண்டி, நீலமாக ஒரு வெறுமைக்குள் விழுந்துகொண்டே போகிறேன். அந்த நேரத்தில்தான் நான் கத்தினது. மடிக்கணினியை மூடித் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து விழுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதுகிற இந்த நேரமும் தேற்றாத்தீவு இளவரசன் சாறனைப் பிடித்துக்கொண்டு விழுந்தபடிதான் இருக்கிறான்.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. கடைப் பக்கத்தில் இனி என்னென்ன வரும் என்று மாப்பிள்ளையே எழுதிப் போட்டிருக்கிறார்: மாரிமழை விரைவில், மரங்களுக்கு நிழல் அடுத்த வருடம், மனிதர்களுக்கு முகம் பரிசீலனையில். பரிசீலனையில்! அரசாங்கக் கச்சேரியில்கூட இப்படிப் பதில் சொல்ல வெட்கப்படுவார்கள். அதற்குக் கீழே வாங்கினவர்கள் எழுதின கருத்தைப் பார்த்தால், திட்டித் தீர்த்திருப்பார்கள் என்று பார்த்தால், நோர்வேயிலிருந்து ஒருவர், "பஸ் எனக்குள்ளால் போனபோது ஊர் ஞாபகம் வந்து அழுதேன், அருமை" என்று எழுதியிருக்கிறார். காசையும் கொடுத்து, பஸ்ஸாலும் அடிபட்டு, அருமையாம்! அதைப் பார்த்த பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட விற்பனையாளருக்கு" என்று தொடங்கி, மீன்காரி முதல் வெருளி வரை ஒன்று விடாமல் கிழித்து, "இப்படிக்கு, இன்னும் விழுந்துகொண்டிருக்கும் இளவரசன்" என்று முடித்தேன். அடுத்தநாள் பதில்: "அன்புள்ள இளவரசன், உங்கள் விழுகைக்கு மனம் வருந்துகிறோம். வாவிக்கு அடி அடுத்த பதிப்பில் போடப்படும். அதுவரை கண்ணாடி அணிந்து விளையாடவும்." நான் கண்ணாடி போடாமல் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சரி, நேரே ஒருமுறை ஆழம் பார்ப்போம் என்று, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பிடித்தேன். தீர்த்தக் குளத்தடியில் தேங்காய் உடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்த விளையாட்டு முடிஞ்சிட்டா?"

"நடந்துகொண்டிருக்கு மாமா."

"முடிச்சுப்போட்டு வித்தா என்ன?"

"அப்பிடியெண்டா நான் ஒருநாளும் முடிக்கமாட்டன் மாமா. நாலு பேர் உள்ள வந்து நிண்டு பிழை சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும். தனிய இருந்து செஞ்சா ஒரு மீனைக் கீறி அழிச்சிக் கீறி அழிச்சிக் கிழவனாகிருவன்."

"அதுக்காகப் பாலத்தைப் பாதியில விடுறதா?"

"பாலம் பாதி எண்டு மாமாவுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஊருக்குள்ள கதைக்காங்க," என்றேன்.

"ஊருக்குள்ள ஒரு ஆள் இருக்கார் மாமா, தேற்றாத்தீவு இளவரசன் எண்டு. என்ன கண் தெரியுமா! ஒரு பிழை தப்பாது. ஆள் கையில கிடைச்சா சம்பளம் குடுத்து வச்சிருப்பன்."

"இளம்பொடியனா இருக்கும்," என்றேன். என்னையறியாமல் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, கழுத்து வலித்தது.

"ஓம் மாமா. எழுத்தில ஒரு துடிப்பு இருக்கு," என்று சொல்லி, தேங்காய்ப் பாதியை என் கையில் தந்துவிட்டுப் போனார். பாருங்கள் அத்தான், தேங்காயிலும் பாதி!

நேற்று விதுர்ஷாவிடம் சாடைமாடையாகச் சொன்னேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று யோசிக்கிறேன் என்று. அவள் சத்தம் போடவில்லை.

"ஏனப்பா?"

"முடியாத சாமானை விக்கிறவனை நம்பி உன்னைக் குடுக்க ஏலுமா புள்ள?"

"அவர் முடிஞ்சிட்டு எண்டு பொய் சொல்லியா விக்கார்? முடியல்ல எண்டு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கார். அத வாசிச்சுப்போட்டுத்தானே சனம் வாங்குது?"

"எழுதிப் போட்டா எல்லாம் சரியா?"

"எழுதிப் போடாத ஆக்களும் இருக்காங்க அப்பா," என்று மேலே ஒருமுறை பார்த்தாள். நான் பார்க்கவில்லை, கழுத்து. பிறகு எனக்குச் சோற்றைப் போட்டு, மீன் முள்ளை எடுத்துவைத்துவிட்டு, போய்ப் படுத்துவிட்டாள். கோபம் வந்தால் சட்டி பானை உடைக்கிற பிள்ளை அவள், உங்களுக்குத் தெரியும். அவள் முள் எடுத்துத் தந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்றாலும் தகப்பன் என்றால் மனத்தைக் கல்லாக்கத்தான் வேண்டும். தொடங்கினதை முடிக்காதவன் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் அமிர்தகழிக்கு ஒரு போன் போட்டு, சாதகத்தில் ஏதோ தட்டுகிறது என்று சொல்லிவிடுங்கள். என் பெயரை இழுக்க வேண்டாம்.

அக்காவின் முழங்கால் குணமாகி அடுத்த தீர்த்தத்துக்கு நடந்தே வரவும், உங்கள் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் ஒரு குறையுமில்லாமல் வாழவும் மாமாங்கேஸ்வரர் பார்த்துக்கொள்வார். றோஸ்மேரி டீச்சர் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. அவ கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
அழகரத்தினம்.

பி.கு.: அத்தான், உறையை ஒட்டப்போன நேரத்தில் விதுர்ஷா மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "இளவரசன், அப்டேட் வந்திருக்கு, நீங்க விழுந்து முடிச்சிட்டீங்க" என்றாள். எல்லாம் தெரியுமாம், முதல் நாளே தெரியுமாம். பேரன்பும் பெருமதிப்பும் கொண்டு விற்பனையாளரைத் திட்டுகிற ஆள் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான் என்று மாப்பிள்ளை சொன்னாராம். திறந்து பார்த்தால் நான் விழுந்து நிற்கிற இடம், அந்த மடையன் வீட்டுப் படியின் உச்சி. அங்கே நின்று நாலு பக்கமும் பார்த்தேன். எங்கள் கிணறு. எங்கள் தென்னை. றோஸ்மேரி டீச்சரின் சரிந்த வேலிக்கட்டை. பக்கத்தில் வெருளி, என்னுடைய இளநீலச் சேட்டோடு. முற்றத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து நம் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். சேட்டு அங்கேதான் தொங்குகிறது, அஜந்தா கட்டினதாம். மேல்மாடி ஒன்றுதானே அத்தான் மிச்சம், அதை நான் சில்லறை வேலை என்றுதான் இப்போதும் சொல்வேன். மேலே எழுதினது ஒன்றையும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம், அமிர்தகழிக்குப் போன் எடுத்து நல்ல நாள் ஒன்று வைத்துவிடுங்கள். கடைசியாக, ஒரு மரியாதைக்காக மகளிடம் கேட்டேன், "கேமுக்குள்ள இருக்கிற இந்த வீட்டையாவது எப்ப முடிக்கப் போறாராம்?" என்று.

"அது முடிஞ்சிட்டாம் அப்பா," என்றாள். "அந்த கேமில முழுசா முடிஞ்சது அது ஒண்டுதானாம்."